கடைசி மூட்டைப்பூச்சி

பஞ்சதந்திரத்தில் ஒரு பேனும் ஒரு மூட்டைப்பூச்சியும் வருகின்றன. அரசனுடைய பட்டு மெத்தையில், அவன் அயர்ந்து உறங்கும் நேரம் பார்த்து, வலி தெரியாமல் உதிரம் உண்டு நெடுநாள் சுகமாக வாழ்ந்துவந்த மந்தவிசர்ப்பிணி என்னும் பேன், எங்கிருந்தோ வந்து தங்க இடம் கேட்ட அக்கினிமுகன் என்னும் மூட்டைப்பூச்சிக்கு, காலமும் இடமும் அறிந்துதான் கடிக்கவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு இடம் கொடுத்தது. வந்த விருந்தாளியோ பொறுமையிழந்து, அரசன் கண்ணயரும் முன்பே ஊசி ஏற்றினாற்போலக் கடித்துவிட்டுக் கட்டிலின் இடுக்குக்குள் போய் மறைந்துகொண்டது. அரசன் துள்ளி எழுந்தான். சேவகர்கள் விளக்கோடு ஓடி வந்து விரிப்பைப் புரட்டினார்கள். துணி மடிப்பில் இருந்த பேன் அகப்பட்டது. அதை நசுக்கிவிட்டுக் காரியம் முடிந்ததென்று போய்விட்டார்கள். குணம் தெரியாதவனுக்கு இடம் கொடாதே என்னும் நீதியைப் புகட்ட ஏற்பட்ட கதை அது. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நீதியில் நிற்பதில்லை. அந்தச் சேவகர்களிடமே போய் நிற்கிறது. விளக்கு இருந்தது, ஆள்பலம் இருந்தது, அரசனுடைய கோபமும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கட்டிலைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்ற ஒன்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

மூட்டைப்பூச்சியை மூட்டுப்பூச்சி என்று சொல்வாரும் உண்டு. சொல்லின் பிறப்பை ஆராயும் தகுதி எனக்கில்லை. எனினும், காலும் சட்டமும் கூடும் மூட்டிலே குடியிருக்கும் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இருக்க முடியுமென்று தோன்றவில்லை. என் சிறுவயதில், சித்திரை வெயிலில் முற்றத்து நடுவே கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, எங்கள் பாட்டி வெந்நீர்த் தவலையோடு நிற்பாள். கட்டிலை ஒருபுறம் தூக்கித் தரையில் தொப்பென்று போட்டால், கயிற்று முடிச்சுகளிலிருந்து நான்கைந்து உதிர்ந்து, கண் கூசும் வெளிச்சத்தில் திசை தெரியாமல் ஓடும். அவற்றை மிதிப்பது யாருக்கும் எளிது. மூட்டுத் துளைக்குள் ஈர்க்குச்சியை விட்டுக் குடைவதுதான் சிரமமான வேலை. அது பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. குச்சியை வெளியே இழுத்தால் நுனியில் கறுத்த இரத்தமும், கொத்தமல்லித் தழையை அழுகவிட்டாற்போன்ற ஒரு வாடையும் வரும். துளைக்குள் வெந்நீரை ஊற்றிய பிறகும் பாட்டி இன்னொரு தடவை குச்சியை விடச் சொல்வாள். ‘உள்ளே ஒண்ணு இருந்தாப் போதும்டா’ என்பாள். இந்தப் பூச்சியை ஒழிக்கும் தொழிலின் சரித்திரத்தைப் பிற்காலத்தில் படிக்கப் புகுந்தபோது, அந்த ஒரு வார்த்தையைச் சுற்றியே அச்சரித்திரம் முழுவதும் நடந்திருப்பதைக் கண்டேன்.

அந்தத் தொழில், தொழில் என்று சொல்லத்தக்க உருவம் பெற்றது லண்டன் மாநகரில். 1583ஆம் ஆண்டில், லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள மோர்ட்லேக் என்னும் ஊரில், பிரபு குலத்துப் பெண்மணிகள் இருவர் தம் உடம்பில் தடிப்புகளைக் கண்டு, கொள்ளைநோய் தொட்டுவிட்டதென்று நடுங்கி, தாமஸ் பென்னி என்னும் வைத்தியரை அவசரமாக அழைத்தனுப்பினார்கள். அவர் வந்து, தடிப்புகளுக்குக் காரணம் மூட்டைப்பூச்சிதான் என்று கையோடு காட்டிக்கொடுக்கவே, அழுகையாகத் தொடங்கியது சிரிப்பாக முடிந்தது. அக்காலத்து ஆங்கிலச் சீமாட்டிகளுக்கு இந்தப் பிராணி அவ்வளவு அபூர்வமாக இருந்திருக்கிறது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அது அபூர்வம் என்ற நிலை போய், எல்லார் வீட்டுச் சமாசாரமும் ஆகிவிட்டது. 1666இல் லண்டனைச் சாம்பலாக்கிய பெருந்தீக்குப் பிறகு நகரைத் திரும்பக் கட்டுவதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து குவித்த ஊசியிலை மரங்களோடுதான் அது வந்து சேர்ந்தது என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் பலர் நம்பிய விஷயம். மோர்ட்லேக் சீமாட்டிகளின் கதை அதற்கு எண்பது ஆண்டுகள் முந்தியது என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அன்னிய தேசத்துச் சரக்கின்மேல் பழியைப் போடுவது எந்தக் காலத்திலும் மனத்துக்கு ஆறுதல் தருவதுதான்.

அவ்வாறு நம்பியவர்களுள் ஒருவர் ஜான் சவுத்தால். 1730இல் அவர் மூட்டைப்பூச்சியைப் பற்றியே ஒரு சிறு நூலை அச்சிட்டு, ராயல் சொசைட்டியின் தலைவராக விளங்கிய சர் ஹான்ஸ் ஸ்லோனுக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார். நூல் எழுதியது சாஸ்திரத்துக்காக மட்டும் அன்று. தாம் விற்ற ‘ஒப்பிலாத் திரவம்’ என்னும் மருந்துக்காகவும்தான். அம்மருந்து தமக்குக் கிடைத்த விதத்தை அவரே வர்ணிக்கிறார். 1726இல் ஜமைக்காத் தீவில் இருந்தபோது, தலையும் தாடியும் மார்பு மயிரும் பனிபோல் வெளுத்த ஒரு நீக்ரோக் கிழவரைச் சந்தித்தாராம். மூப்பினால் அடிமைத்தளை நீங்கியிருந்த அந்த முதியவர், பூச்சி கடித்து வீங்கிய வெள்ளைக்காரரின் முகத்தைப் பார்த்து, இதற்கு மருந்திருக்க ஏன் இப்படி அவஸ்தைப்படுகிறீர் என்று வியந்து, ஒரு சுரைக்குடுக்கை நிறையத் திரவத்தைக் கொடுத்தாராம். அதன் பலனைக் கண்ட சவுத்தால் இறைச்சி, பிஸ்கோத்து, பீர் முதலியவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதைச் செய்யும் முறையையும் கற்றுக்கொண்டு கப்பலேறினாராம். கதை முழுவதும் உண்மையோ, வியாபாரத்துக்கென்று மெருகேற்றியதோ, இன்று யார் சொல்லக்கூடும்? அத்திரவத்தில் என்ன கலந்திருந்தது என்பதை மட்டும் அவர் தம் நூலில் சொல்லவே இல்லை.

ஆயினும் அந்த நூலை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடுவது அநியாயம். மருந்தை மறைத்த அதே மனிதர், தாம் கண்களால் கண்டறிந்ததை மறைக்காமல் எழுதிவைத்தார். பூச்சிகளைக் கூட்டில் அடைத்து வளர்த்தார். அவற்றின் முட்டை, பருவம், உணவு ஆகியவற்றைக் கவனித்தார். கட்டிலுக்குச் சித்திர வேலைப்பாடு கூடாது, மரம் எவ்வளவுக்கெவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது, எளிதாகக் கழற்றிச் சுத்தம் செய்யும்படி அதை அமைக்கவேண்டும் என்றார்; சலவைக்குப் போய்வரும் கூடைகளையும், வேலைக்கு வரும் ஆட்களின் பெட்டிகளையும் வாசலிலேயே சோதிக்கவேண்டும் என்றார். இரண்டு ஷில்லிங் கொடுத்துப் புட்டியை வாங்கியவர்கள் அந்தத் திரவத்தைப் பூசித் தீர்த்துவிட்டார்கள். கட்டிலைக் கழற்று, பெட்டியைத் திறந்து பார் என்னும் புத்திமதியோ, முந்நூறு ஆண்டுகள் ஆகப்போகும் இன்றும் ஓரெழுத்தும் மாற்ற வேண்டாதபடி நிற்கிறது.

இனி, இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதரிடம் வருகிறேன். அவர் பெயர் டிஃபின். நம்மவர் காதுக்கு மாலைநேரத்து இட்லியையும் காப்பியையும் ஞாபகப்படுத்தும் இப்பெயரை உடைய குடும்பம், மகாராணியாரின் மூட்டைப்பூச்சி ஒழிப்பாளர் என்னும் விருதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு லண்டனில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்திவந்தது. நகரத்து உழைப்பாளிகளையும் ஏழைகளையும் தேடித் தேடிப் பேசி, அவர்கள் வாய்மொழியை அப்படியே நூலாக்கிய ஹென்றி மேஹியூ, எலி பிடிப்பவர்களையும் ஈக்காகிதம் விற்பவர்களையும் சந்தித்த வரிசையில் டிஃபினையும் சந்தித்தார். அந்தச் சம்பாஷணை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. தங்கள் தொழில் 1695 முதல் நடந்துவருகிறது என்றும், ஆதிமுன்னோர் சீமாட்டிகளுக்கு இறுக்குக் கச்சு தைத்துக்கொண்டிருந்தவர் என்றும், இந்தப் பூச்சியின் உபத்திரவம் பொறுக்காமல் ஆராயத் தொடங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்றும் டிஃபின் சொன்னார். தாம் மேல்மக்களுக்கு மட்டுமே, அதாவது சொந்த வண்டி வைத்திருப்போருக்கும் ஏறக்குறைய அந்த அந்தஸ்தில் உள்ளோருக்கும் மட்டுமே வேலை செய்வதாகவும் ஒரு கர்வத்தோடு சொல்லிக்கொண்டார்.

அவருடைய கர்வத்தை நாம் மன்னித்துவிடலாம். ஏனெனில் அதற்கடுத்து அவர் சொன்னது இத்தொழிலின் சூத்திரம். தம்முடைய வேலை கூட்டம் கூட்டமாகக் கொன்று குவிப்பதன்று, முறைப்படி செய்யும் ஒரு சாஸ்திரம். ஆயிரக்கணக்கான பூச்சிகளைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, தாம் தேடுவது கடைசிப் பூச்சியை. தச்சரும் மெத்தை தைப்பவரும் பிடித்ததாகச் சொல்லும் அளவுக்கு விட்டுவிட்டும் வருகிறார்கள் என்றார். முற்றத்தில் தவலையோடு நின்ற பாட்டியும், மகாராணியாரின் பூச்சி ஒழிப்பாளரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

இளவரசி சார்லட்டின் சொந்தக் கட்டிலைச் சோதித்த கதையையும் டிஃபின் மேஹியூவிடம் சொன்னார். உடனே புறப்பட்டு வரும்படி ஆக்ஞை வந்தது, போனார், கட்டிலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இளவரசியே அறைக்குள் இருந்து, ஏதேனும் அகப்பட்டதா என்று விசாரித்தாள். இல்லை என்று அவர் சொல்லி வாய் மூடும் முன் ஒன்று கையில் சிக்கிவிட்டது. இளவரசி தாவிக் கட்டில்மேல் ஏறி, அந்தத் தொழிலாளியின் தோள்மேல் கைவைத்துக் குனிந்து பார்த்து, இரவெல்லாம் தன்னை வதைத்தது இதுதான், தப்பவிடாதே என்று அருவருப்போடு சொன்னாள். அந்த அரண்மனைக் கட்டிலில் அகப்பட்டது அந்த ஒன்றே ஒன்றுதான். ராஜ ரத்தத்தைச் சுவைத்ததனால் அதற்கு ஒரு தனிக் களை வந்திருந்ததாக டிஃபின் நினைத்தாராம். அந்த ஹாஸ்யத்தைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுவது, ஒன்றே ஒன்று இருந்த கட்டிலில் அந்த ஒன்றைக் கண்டுபிடித்ததுதான்; பஞ்சதந்திரத்துச் சேவகர்கள் செய்யத் தவறியது அது.

வண்டி வைத்திராத ஜனங்களோ தங்களுக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டார்கள். சவ்வீரம் என்னும் பாதரச விஷத்தை முட்டையின் வெண்கருவோடு அடித்து, கோழியிறகால் கட்டில் இடுக்குகளில் தடவினார்கள்; கந்தகத்தைக் கொளுத்தி அறையை மூடினார்கள்; மண்ணெண்ணெயை ஊற்றினார்கள், சிலர் அதனாலேயே வீட்டுக்குத் தீ வைத்துக்கொண்டார்கள். பால்கன் நாடுகளின் கிராமத்தார் இரவில் கட்டிலைச் சுற்றி அவரையினத்துச் செடியொன்றின் இலைகளைப் பரப்பிவைப்பார்கள். இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிமயிர்கள் உண்டு. அவை நடந்துபோகும் பூச்சியின் காலில் குத்தி நிறுத்திவிடும். விடியற்காலையில் இலைகளை வாரி நெருப்பிலிடுவார்கள். விஷமில்லாத இந்த யுக்தியை விஞ்ஞானிகள் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து வியந்தது இருபதாம் நூற்றாண்டில். மரக்கட்டில் போய் இரும்புக்கட்டில் வந்ததும் ஒரு பெரிய உபகாரந்தான். ஆனால் சுவரில் விரிசல் இருக்கும்வரையில் கட்டில் எதுவானால் என்ன?

அந்த விரிசல் விழுந்த சுவர்களே 1930களில் ராஜாங்க விஷயமாயின. நகரத்துச் சேரிகளை இடித்துத் தொழிலாளிகளுக்கு நகரசபைகள் புதுவீடுகள் கட்டிக்கொடுத்த காலம் அது. பழைய பேட்டைகளில் சில தெருக்களில் பூச்சி இல்லாத வீடே இல்லை என்னும்படியான நிலைமையைப் பிரிட்டிஷ் சுகாதார மந்திரி அலுவலகம் 1934இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துச் சொன்னது. அங்கிருந்து ஒரு குடும்பம் தன் கட்டிலையும் நாற்காலியையும் சுவர்ப்படங்களையும் தூக்கிக்கொண்டு புதுவீட்டில் குடிபுகுந்தால், சுண்ணாம்பு வாசனை மாறும் முன்பே புதுவீடும் பழைய வீடாகிவிடும். ஆகவே பல நகரங்களில் ஒரு நடைமுறை ஏற்பட்டது. குடிபெயரும் நாளன்று காலையில் நகரசபையின் மூடுவண்டி வாசலில் வந்து நிற்கும். சாமான்கள் அதில் ஏறும். வண்டி நேரே புதுவீட்டுக்குப் போகாமல் புகையிடும் கூடத்துக்குப் போகும். அங்கே சைனைடு வாயு சாமான்களின் இடுக்கெல்லாம் புகுந்து வரும். மெத்தையும் துணியும் தனியாக நீராவியில் வேகும். காற்றாடவிட்ட பிறகு, மாலையில் புதுவீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கும். தெருவார் அனைவரும் பார்த்திருக்க அந்த வண்டியில் தன் கட்டில் ஏறுவதை ஒரு குடும்பத் தலைவி எந்த மனத்தோடு பார்த்திருப்பாள் என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏழைமைக்கு இன்னொரு முத்திரை குத்தப்பட்டது என்று அவள் நினைத்திருந்தால் அது தவறென்று நான் சொல்லமாட்டேன். எனினும் அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயமும் இருந்தது. இந்தப் பூச்சி ஒரு வீட்டாரின் அசுத்தத்தினால் உண்டாவதன்று, சாமானோடும் சுவரோடும் பயணம் செய்வது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. வீடு கட்டுவோருக்கும் எச்சரிக்கை பிறந்தது: சுவரடியில் மரப்பலகை அடிக்காதே, படம் மாட்ட மரச்சட்டம் ஓட்டாதே, பூச்சுக்குப் பின்னால் பொந்து விடாதே.

சைனைடு வாயுவோ, பூச்சிக்கும் மனிதனுக்கும் பேதம் பாராதது. தலையணையும் மெத்தையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். போதிய அளவு காற்றாடவிடாமல் அன்றிரவே தலைசாய்த்தவர் எழுந்திராமலே போகக்கூடும். பக்கத்துக் குடித்தனத்துச் சுவர் விரிசல் வழியாகவும் அது கசியும். இந்த அபாயம் காரணமாகவே 1937இல் சைனைடு புகையிடுதலைக் கட்டுப்படுத்தப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டம் இயற்றியது. ஆக, மூட்டைப்பூச்சித் தொழிலில் சட்டத்தின் பலத்தோடு வந்த இந்தக் கிரமம், பூச்சியைக் கொல்வதற்காக ஏற்பட்டதன்று. கொல்லுகிறவர் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கொன்றுவிடாமல் இருப்பதற்காக ஏற்பட்டது.

இந்தப் பூச்சியின் சரித்திரத்தில் நம் சென்னைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரைச் சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் டோனவன் 1903இல் கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மன் தாம் முன்பே கண்டிருந்ததை வெளியிட்டதும் அதே ஆண்டில். அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு தாவுகிறது என்பது அடுத்த கேள்வி. கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் பணிபுரிந்த காப்டன் பாட்டன், 1907 வாக்கில், நோயாளியின் இரத்தத்தை உண்ட மூட்டைப்பூச்சியின் குடலில் அந்த நுண்ணுயிர் வாலுள்ள உருவமாக மாறி வளர்வதைக் கண்டு, இதுதான் அந்தத் தூதன் என்று முடிவுசெய்தார். ஏழை வீடுகளில் நோயும் சேர்ந்திருந்தது, பூச்சியும் சேர்ந்திருந்தது. சந்தேகிக்க இதைவிடச் சௌகரியமான பிராணி வேறில்லை. ஏராளமான பொறுமையோடு செய்த ஆராய்ச்சிகள்தாம். ஆனால் பூச்சியின் கடி நோயைக் கொடுத்தது என்று காட்டத்தான் யாராலும் முடியவில்லை. கடைசியில், மணற்கொசு என்னும் சிறு பூச்சியே அதைப் பரப்புகிறது என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்ஸன் ஆகியோர் ருஜுப்படுத்தினார்கள். இத்தனைக்கும் பிறகு மூட்டைப்பூச்சி எந்த நோயையும் மனிதனுக்குப் பரப்பியதாக நிரூபணம் ஆகவில்லை. பஞ்சதந்திரத்தில் பூச்சி செய்த குற்றத்துக்குப் பேன் செத்தது. கிண்டியிலோ மணற்கொசு செய்த குற்றத்துக்கு மூட்டைப்பூச்சி முப்பத்தைந்து ஆண்டுகள் கூண்டில் நின்றது.

பிறகு வந்தது டி.டி.டி. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்து ரசாயனியான பால் முல்லர் 1939இல் அதன் பூச்சிகொல்லும் சக்தியைக் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசு பெற்றார். மண்ணெண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு கரைத்துக் கட்டிலிலும் சுவரிலும் ஒருமுறை தெளித்தால், பல மாதங்கள் வரையில் அதன்மேல் நடக்கும் பூச்சி செத்து விழுந்தது. கட்டிலைக் கழற்ற வேண்டாம், துளையைக் குடைய வேண்டாம், கடைசிப் பூச்சியைத் தேடவும் வேண்டாம். அதுவே நடந்துவந்து விஷத்தை மிதிக்கும். தேடுகிற வித்தைக்கு அன்றோடு மதிப்புப் போய்விட்டது. ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைக் குடியிருப்பில் 1947இலேயே, டி.டி.டி. தெளித்த பிறகும் சாகாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன என்ற செய்தி அப்பொழுதைய கொண்டாட்டத்தில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? ஒரு மருந்து தோற்றால் இன்னொன்று வந்தது. நம் நாட்டில் கமாக்ஸின் பொடியும் வந்தது, பெட்டிக்கடையில் சிறு புட்டிகளில் மூட்டைப்பூச்சி மருந்தும் வந்தது. மலேரியாவை ஒழிக்க வீடுவீடாக டி.டி.டி. தெளித்த பிரதேசங்களில், தொடக்கத்தில் சுகமாகத் தூங்கிய ஜனங்கள், சில ஆண்டுகள் சென்றபின் மூட்டைப்பூச்சிகள் அதற்குப் பழகிவிட்டதைக் கண்டு, இந்த மருந்தால் கொசு மட்டும் எப்படிச் சாகும் என்று கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு.

மேலைநாடுகளில் மட்டும், மருந்தும் சலவை யந்திரமும் நல்ல வீடும் சேர்ந்து, ஒரு தலைமுறைக் காலம் பூச்சியைக் கண்ணில் படாமல் செய்துவிட்டன. அதனால் விளைந்த நஷ்டம் யாரும் எதிர்பாராதது: மூட்டைப்பூச்சியை ஒருமுறையேனும் கண்டிராத பூச்சி ஒழிப்பாளர்கள் தோன்றிவிட்டார்கள். 1990களின் கடைசியில் விமானப் பிரயாணிகளின் பெட்டியோடு அது திரும்பி வந்தபோது, வந்தது பழைய பூச்சியன்று. புதிய பைரித்ராய்டு மருந்துகளையும் சட்டை செய்யாத பூச்சி. எதிரே நின்றவர்களிடம் கரப்பானுக்கு ஓரத்தில் தெளிக்கும் பழக்கம் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. தெளித்தார்கள், பணம் வாங்கினார்கள், பத்து நாளில் மறுபடியும் கடித்தது, மறுபடியும் தெளித்தார்கள்.

இந்நிலையில்தான் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்து வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் பூச்சியியல் பகுதியைச் சேர்ந்த ஸ்டீபன் டாகெட் என்பவர், அந்நாட்டுப் பூச்சி ஒழிப்பாளர் சங்கத்தோடு சேர்ந்து, மூட்டைப்பூச்சிக்கென்றே ஒரு நடைமுறைக் கோவை எழுதும் முயற்சியில் இறங்கினார். 2005இல் வரைவாக வெளிவந்து, தொழிலாளர்களிடமும் விடுதிக்காரர்களிடமும் கருத்துக் கேட்டுத் திருத்தப்பட்டு, மேலும் பல பதிப்புகள் கண்ட நூல் அது. 2011இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிப்பட்ட கோவைகள் தோன்றின. சட்டமன்று, மீறினால் சிறையில்லை. ஆனால் இதைப் படித்த வாடிக்கைக்காரர், வந்தவர் வேலை தெரிந்தவரா அல்லவா என்று அரைமணியில் கண்டுகொள்ளலாம்.

அக்கோவையைப் புரட்டுகிறவர் ஏதோ புதிய விஷத்தின் பெயரை எதிர்பார்த்தால் ஏமாந்து போவார். விஷத்துக்கு அதில் இடமுண்டு, ஆனால் அது வரிசையில் முதலில் இல்லை. முதலில் பார்: கட்டிலைக் கழற்று, தலைப்பலகையைச் சுவரிலிருந்து எடு, திருகாணித் துளைக்குள் விளக்கைப் பிடி, மெத்தையின் தையல் விளிம்பை விரலால் பிரித்துக் கரும்புள்ளிகளைத் தேடு. ஓர் அறையில் கண்டால் இடப்புறமும் வலப்புறமும் மேலும் கீழும் உள்ள அறைகளையும் பார். பூச்சியுள்ள பொருளைப் பையிலிட்டுக் கட்டாமல் தாழ்வாரம் வழியே தூக்கிப் போகாதே. உறிஞ்சியால் இழு, கொதிநீராவியைக் காட்டு, துணியைச் சூட்டில் வெளுத்துச் சூட்டிலேயே உலர்த்து. அறைக்குள் வெடித்துப் புகையும் டப்பாக்களை உபயோகிக்காதே. அவை பூச்சியைக் கலைத்துப் பக்கத்து அறைக்கு விரட்டும். மருந்து முட்டைக்குள் எட்டாது என்பதனால், பொரிக்கும் நாள் கணக்குப் பார்த்துத் திரும்பவும் போ. முழுவதும் ஒழித்துவிட்டேன் என்று உத்தரவாதம் கொடுக்குமுன் பலமுறை யோசி. இவற்றில் சவுத்தாலும் டிஃபினும் அறியாதது எத்தனை? முன்னே இந்த அறிவு ஒரு குடும்பத்தின் சொத்து, ஒரு புட்டிக்குள் இருந்த ரகசியம். இப்பொழுது யாரும் படிக்கும்படி அச்சில் இருக்கிறது. என்னுடைய அபிப்பிராயத்தில் இந்த முந்நூறு ஆண்டுகளில் இத்தொழிலுக்கு நேர்ந்த பெரிய மாறுதல் அதுதான், சைனைடும் டி.டி.டி.யும் அதற்கு அடுத்த வரிசைதான்.

ஒன்று மட்டும் சொல்லியாகவேண்டும். இக்கோவைகள் பெரும்பாலும் குளிர்தேசத்துப் பூச்சியை மனத்தில் கொண்டு எழுதியவை. நம் கட்டிலில் வாழ்வது அதன் பங்காளியாகிய வெப்பதேசத்துப் பூச்சி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், கழுத்துப்புறம் சற்றே ஒடுங்கியது நம்முடையது. கட்டில் காலடியில் வைக்கும் வழுவழுப்பான பொறிக்கிண்ணத்தில் குளிர்தேசத்துப் பூச்சி விழுந்தால் ஏறமுடியாமல் தவிக்கும். நம்முடையதோ, காலிலுள்ள நுண்மயிர்களின் பலத்தால் அதே கிண்ணத்தின் சுவரில் ஏறி வெளியே வந்துவிடும் என்று மலேசியாவின் பினாங்கில் சோதித்துக் கண்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், திருவல்லிக்கேணியில் பிரம்மசாரிகள் தங்கும் மேன்ஷன் ஒன்றில், மருந்தடிக்கிறவர் ஒருவர் வேலை செய்வதை அருகிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. எட்டடிக்குப் பத்தடி அறை, மூன்று கட்டில், ஆணியில் தொங்கிய சட்டைகள், சுவரில் விரலால் தேய்த்த பழைய இரத்தக் கோடுகள். தெளிப்பான் வெளியே தாழ்வாரத்திலேயே இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, திருப்புளியால் கட்டிலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு காகிதத்தின்மேல் வைத்தார். பலகை பிரிந்ததும் துளைக்குள் டார்ச்சை அடித்தார். ஒரு தாயத்துக் கம்பி போன்ற மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். வெள்ளை வெளேரென்ற நாலைந்து முட்டைகளும், சப்பையாகக் காய்ந்த ஒரு சட்டையும், அவற்றோடு உயிருள்ள பூச்சி ஒன்றும் வந்தன. அதை ஒட்டுநாடாவில் ஒட்டி, நோட்டுப் புத்தகத்தில் அறை எண்ணுக்கு எதிரே பதித்து, தேதி போட்டார். மூன்று கட்டிலுக்கும் இவ்வாறே ஆனபிறகுதான் தெளிப்பானைக் கையில் எடுத்தார்.

வாசலில் நின்ற இளைஞர், ‘இனிமே வராதில்ல அண்ணே?’ என்று கேட்டார்.

‘முட்டை இருக்கும் தம்பி. பதினாலாம் நாள் வரேன். அதுவரைக்கும் கட்டிலை இடம் மாத்தாதீங்க, பாயை வேற ரூமுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க’ என்று சொல்லிவிட்டு, திருகாணிக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவர் அடுத்த அறைக் கதவைத் தட்டப் போனார்.